பழைய எலக்ட்ரிக் கிட்டாரை முதலில் வாசித்தறிவது எப்படி?

மதுரையில் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் பரணிலிருந்து இறங்கினால், அது பெரும்பாலும் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் மிச்சமாக இருக்கும். சில வீடுகளில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்த்துத் திரும்பிய பெரியப்பா கொண்டுவந்ததாக இருக்கும். இறக்கியவர் தூசியைத் தட்டுகிறார், மேல்பூச்சு உரிந்து கிடப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறார், அடுத்த வாரமே அதைக் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார். இருபத்திரண்டு வயதில் நானும் அதையே செய்தேன். எங்கள் குழுவில் எனக்கு முன் வாசித்த அண்ணன் கொடுத்த கிட்டார் மேடை விளக்கில் பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் டக்கோ பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். திரும்பி வந்ததும் அண்ணன் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, தன் பெல்ட் பக்கிள் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்த இடத்தை விரலால் தேடினார். அந்த இடத்தைப் பட்டி பார்த்து அடைத்திருந்தார்கள்.

புத்தகத்தையும் வாசிக்கிறோம், கிட்டாரையும் வாசிக்கிறோம் என்று தமிழ் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறது. பழைய கிட்டார் கைக்கு வந்தவர் அதைப் புத்தகம்போல் ஒருமுறை வாசித்து முடித்த பிறகே கருவியாக வாசிக்கத் தொடங்க வேண்டும். அதற்கான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது, உலகில் மிக அதிகமாகத் தேய்ந்துபோன கிட்டார்களில் ஒன்றான, அயர்லாந்து ராக் கலைஞர் ரோரி கேலகரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஃபெண்டர் நிறுவனம் செய்யும் எலக்ட்ரிக் கிட்டார் வகை அது.

அயர்லாந்தின் டொனிகல் மாவட்டத்தில் உள்ள பாலிஷானனில் 1948-ல் பிறந்து கார்க் நகரில் வளர்ந்தவர் கேலகர். 1963 ஆகஸ்டில், 15 வயதில், கார்க்கில் இருந்த க்ரௌலி இசைக்கருவிக் கடையில், 100 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான விலைக்கு, அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கடனுக்கு வாங்கினார். அப்போதே அது பயன்படுத்தப்பட்ட கருவிதான். அதற்கு முன் அதை வைத்திருந்தவர் ராயல் ஷோபேண்ட் குழுவின் கிட்டார் கலைஞர் என்றும், சிவப்பு நிறம் கேட்டவருக்கு விளிம்பு கறுத்து நடுவில் வெளுக்கும் சன்பர்ஸ்ட் நிறத்தில் வந்து சேர்ந்ததால் அதைக் கைமாற்றிவிட்டார் என்றும் சொல்வார்கள். அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுவே என்ற பேச்சும் உண்டு. ஷோபேண்ட் என்றால் என்ன என்று மதுரைக்காரருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை: அந்தந்தக் காலத்தில் ஊரெல்லாம் கேட்கும் பாடல்களை, பதிவில் உள்ளபடியே, ஊர் ஊராகப் போய் மணிக்கணக்கில் வாசிக்கும் குழு. கேலகரும் அப்படியொரு ஷோபேண்டில் வாசித்துப் பழகியவர்தான். 1966-ல் ‘டேஸ்ட்’ குழுவைத் தொடங்கிய பிறகே ப்ளூஸ்-ராக் கலைஞராக வெளியுலகுக்குத் தெரிந்தார்.

1960-களின் நடுவில் அந்தக் கிட்டார் டப்ளினில் திருடுபோயிற்று; சில நாட்கள் கழித்து மழையில் கைவிடப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது. மேடையில் அவருக்குக் கொட்டிய வியர்வையும் அந்த மழையும் சேர்ந்து மேல்பூச்சில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. வெறும் மரம் தெரிந்த பிறகும் அவர் அதற்கு மறுபடி வண்ணம் பூசவில்லை. 1995-ல் அவர் மறைந்தார். 2024 அக்டோபரில் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அது கட்டணங்கள் உட்பட 8,89,400 பவுண்டுக்கு விற்பனையாகி, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாகச் சென்றது. உரிந்து, கீறி, பாதி உறுப்புகள் மாற்றப்பட்ட ஒரு கருவிக்கு அந்த விலை. பட்டறைக்குப் புறப்படும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள்

முதல் நாள் துடைக்கக்கூட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ ஒரு வேட்டியை விரித்து அதன்மேல் கிட்டாரைக் கிடத்தி, முன்பக்கம், பின்பக்கம், தலைப்பகுதியின் இருபுறம், கழுத்து உடலோடு சேரும் இடம், உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், தலைப்பகுதியில் சுருதி கூட்டும் ஒவ்வொரு டியூனர் கீ என்று தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில், கருவி யாரிடமிருந்து வந்தது, அவர் எந்தக் குழுவில், எந்த ஆண்டுகளில் வாசித்தார், எங்கே வாங்கினார் என்பதை அவரிடமோ வீட்டாரிடமோ கேட்டு எழுதுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. திருகாணி இன்னும் ஐம்பது ஆண்டுகள் அங்கேயே இருக்கும், பெரியப்பாவின் நினைவு அப்படி இருக்காது. பெட்டிக்குள் கிடக்கும் ரசீது, பழைய கம்பி உறை, நிகழ்ச்சி நோட்டீஸ், உடைந்த பிக் எதையும் குப்பை என்று வீச வேண்டாம்.

வயதைக் கண்டறிதல்

தலைப்பகுதியில் ஃபெண்டர் என்று ஒட்டியிருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. அந்த ஸ்டிக்கரை எவரும் ஒட்டலாம். நம் ஊர்க் குழுக்களில் கல்கத்தா கிட்டாருக்கு மேல் அதை ஒட்டி மேடையேறியவர்கள் பலர், அதில் தவறு சொல்லவும் மாட்டேன். ஆகவே அளவிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மில்லிமீட்டர். கம்பிகள் கழுத்தின் மேல்முனையில் உட்காரும் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட்டின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நடுவரை அளந்தால் அதில் பாதி, 324 மில்லிமீட்டர், வர வேண்டும். வேறு அளவு வந்தால் அது வேறு கருவி. அதற்காக அது மட்டமான கருவி என்று ஆகிவிடாது.

ஃபெண்டராக இருக்க வாய்ப்புண்டு என்று தோன்றினால், பின்பக்கம் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள உலோகத் தகட்டைப் பாருங்கள். 1976 வரை வரிசை எண் அந்தத் தகட்டில்தான் பொறிக்கப்பட்டது. பிறகு தலைப்பகுதிக்கு மாறியது. கேலகருடைய எண் 64351. அது 1961-ஆம் ஆண்டுக் கருவி. ஆனால் எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் தொழிற்சாலையில் தகடுகள் எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தப்படவில்லை. மேலும், நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தகட்டை யாரும் மாற்றிவிடலாம். தகட்டில் மூன்றே திருகாணிகள் இருந்தால், கருவி 1971-லோ அதற்குப் பிறகோ வந்தது. தலைப்பகுதி அகன்று பெரிதாக இருந்தால், அது சிபிஎஸ் நிறுவனம் 1965-ல் ஃபெண்டரை வாங்கியதற்குப் பிந்தைய உருவம். பிற்காலத்தில் சிறிய தலை மறுபடி வந்ததால், சிறிய தலை என்பதே பழமைக்குச் சான்று ஆகாது.

அடுத்தது விரல்பலகை. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தபோது கழுத்து முழுவதும் ஒரே மேப்பிள் மரம். 1959-ன் நடுவிலிருந்து 1962-ன் நடுவரை, அடிப்பக்கம் தட்டையாக இழைத்த கனமான ரோஸ்வுட் பலகையை மேப்பிளின்மேல் ஒட்டினார்கள். அதன் பிறகு வளைந்த மெல்லிய பலகைக்கு மாறினார்கள். நட்டுக்குப் பின்னால், தலைப்பகுதி தொடங்கும் இடத்தில், இரண்டு மரங்களும் சேரும் கோட்டைப் பார்த்தால் தட்டையா வளைவா என்பது தெரியும். அக்காலத்தில் பயன்பட்டது பிரேசில் ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பதால், அத்தகைய கருவியை வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ நினைப்பவர் உரிய அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். விரல்பலகையில் உள்ள வட்டப் புள்ளிகள் 1964-ன் இறுதிவரை களிமண் நிறத்தில், மங்கிய பழுப்பாக இருக்கும். பிறகு முத்துப் பளபளப்புக்கு மாறின. கேலகரின் கிட்டாரில் 12-வது ஃப்ரெட்டில் ஒரு புள்ளி விழுந்துவிட, அந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் புள்ளி உட்கார்ந்திருக்கிறது. பிரதிக் கருவிகளை ஃபெண்டரே செய்தபோது இந்த ஒற்றை வெள்ளைப் புள்ளியையும் விடாமல் நகலெடுத்தார்கள்.

உடலின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1959 முதல் 1960-களின் நடுவரை வந்த வெள்ளை பிக்கார்டுகள் செல்லுலாய்டால் ஆனவை. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸோடு சூடம் சேர்த்துச் செய்வது. பூஜை அலமாரியில் திறந்து வைத்த சூடம் நாளடைவில் கரைந்து சிறுத்துப் போவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். அதே சூடம் பிக்கார்டிலிருந்தும் மெல்ல வெளியேறுகிறது. அதனால்தான் பழைய பிக்கார்டுகள் இளம்பச்சை பாய்ந்து, சுருங்கி, திருகாணி ஓரங்களில் விரிசல் விடுகின்றன. அது சுருங்கும்போது, அதில் பொருத்தியிருக்கும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பையும் இழுத்துச் சாய்த்துவிடும். விரிசல் விட்ட செல்லுலாய்டை நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது, அது எளிதில் பற்றிக்கொள்ளும். பழைய பிக்கார்டில் லேசாகச் சூட மணம் வந்தால், அது ஒரு நல்ல சான்று.

இதுவரை எதையும் கழற்றவில்லை. இனிக் கழற்றுவதாக இருந்தால், முதலில் கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, திருகாணியின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால், பிக்கார்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையில் பிக்கார்டின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைக்க வேண்டும். பிக்கார்டைத் தூக்கும்போது ஒயர்கள் பின்னால் இழுபடும், பதறாமல் தூக்குங்கள். வால்யூம், டோன் கட்டுப்பாடுகளின் உலோக உடலில் எண்கள் தெரியும். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல், 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் தயாரிப்பு. 3046620 என்று இருந்தால், 66 என்பது ஆண்டு, 20 என்பது அந்த ஆண்டின் வாரம். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதைத்தான் இது காட்டும். 1966-ல் மொத்தமாக வாங்கிய கட்டுப்பாடுகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள் என்பதால், பிந்தையதாக இருக்கலாம். ஈயம் வைத்த இடங்கள் மங்கி ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஒன்று மட்டும் புதிதாகப் பளபளக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்தின் அடிப்பாகத்தில் 1962 தொடக்கம்வரை பென்சிலாலும் பிறகு முத்திரையாலும் தேதி இட்டார்கள்; ஆனால் அதைப் பார்க்கக் கழுத்தைக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் திருகாணித் துளை கொஞ்சம் தேயும். ஆவலுக்காக மட்டும் கழற்ற வேண்டாம். வேறு வேலைக்காகக் கழற்றும் நாளில் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளலாம்.

கல்கத்தாவில் செய்யப்பட்ட கிட்டார்களுக்கும், 1960-களின் ஜப்பானியக் கிட்டார்கள் பலவற்றுக்கும் இப்படித் தேதி படிக்க வழியில்லை. அவற்றுக்கு நோட்டில் எழுதிய வாய்மொழி வரலாறுதான் முதன்மை ஆவணம்.

எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

சேகரிப்பாளர்கள் ஒரு திருகாணி மாறினாலும் விலையைக் குறைப்பார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. கேலகரின் கிட்டாரில் ஐந்து கீகள் ஸ்பெர்சல் நிறுவனத்தவை, ஒன்று மட்டும் கோட்டோ நிறுவனத்தது. ஆறும் ஒரே இனமாக இல்லை. நட் மாற்றப்பட்டது, ஃப்ரெட்டுகள் பலமுறை மாற்றப்பட்டன, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை ஸ்விட்சுக்குப் பதிலாக ஐந்து நிலை ஸ்விட்ச் வந்தது. கழுத்து வியர்வையை உறிஞ்சி வளைந்துபோனபோது அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு கழுத்தோடு வாசித்தார். பழையது உலர்ந்து நிலைக்கு வந்த பிறகு திரும்பவும் பொருத்தினார். வாசிப்புக்குத் தேவையானதை மாற்றினார், கண்ணுக்காக எதையும் மாற்றவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான முடிவுகள் தாமாகவே வந்துவிடும்: சுருதி நிற்காத கீ, தேய்ந்து பள்ளமான ஃப்ரெட், ஒயரைச் செருகும் இடத்தில் கரகரக்கும் ஜாக் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள், உரிந்த பூச்சு, மங்கிய நிக்கல், மஞ்சளித்த குமிழ் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். புதிய கீ வாங்கும்போது பழைய துளையிலேயே உட்காரும் அளவைத் தேடுங்கள். மரத்தில் புதுத் துளை போடுவது திரும்பப் பெற முடியாத தவறு. நல்ல ஆசாரி துளையை அடைத்துத் தருவார். ஆனாலும் அது அடைத்த துளைதான்.

கரகரக்கும் கட்டுப்பாட்டுக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, குமிழை முப்பது நாற்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்திர எண்ணெய் விட வேண்டாம்.

மதுரை வெயில், ஐப்பசி மழை

1960-களின் மத்திவரை ஃபெண்டர் உடல்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் பூச்சே பெரும்பாலும் மேல்பூச்சாக இருந்தது. அது மெல்லியது. தின்னர், ஸ்பிரிட், கை சுத்திகரிப்பான் மூன்றும் அதைக் கரைத்துவிடும். வாசித்து முடித்ததும், பலமுறை துவைத்து மெலிந்த வேட்டித் துணியால் கம்பிகளையும் உடலையும் துடைப்பதே சிறந்த பராமரிப்பு. வியர்வையில் உள்ள உப்பு நிக்கலையும் எஃகையும் அரிக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலையில் கம்பி கறுத்திருக்கும். ரப்பர் பூண் போட்ட கிட்டார் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தால், ரப்பரில் உள்ள வேதிப்பொருள் நைட்ரோ பூச்சை இளக்கி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். பெட்டிக்குள் பூச்சி உருண்டை போட வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக் உறுப்புகளைக் கெடுக்கும். உலர்ந்த விரல்பலகைக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கூடாது, அவை சிக்குப் பிடித்துக் காறிப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சொட்டு மினரல் ஆயில் தடவி உடனே துடைத்துவிட்டால் போதும். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் கிட்டாரின் பெட்டிக்கு வைத்தாலே கருவிக்கு வைத்ததாகும். பூச்சு உரிந்த மரத்தில் குங்குமம் இறங்கினால் பிறகு எதற்கும் போகாது.

மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையும் பரணும் கோடையில் அடுப்பு மாதிரி. கிட்டாரைக் கீழ்த்தளத்தில், உட்சுவர் ஓரமாக, பெட்டியில் வைக்கவும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதம் இருந்தால் மரம் அமைதியாக இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் மரம் உலர்ந்து சுருங்க, ஃப்ரெட்டின் முனைகள் வெளியே நீட்டி விரலைக் கீறும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிக் கழுத்து நகரும். கோடையில் அரத்தை எடுத்து ஃப்ரெட் முனையைத் தேய்க்கும் முன், மழை வரை பொறுத்துப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து இறங்கியதும், குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும், பெட்டியை உடனே திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுவது நல்லது. திடீர் வெப்ப மாற்றத்தால் நைட்ரோ பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

கழுத்து நகர்ந்ததா என்று பார்ப்பது எளிது. சுருதி சேர்த்த நிலையில், தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடித்து, 7-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைந்தால், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், சரியான அளவு. இடைவெளி கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சற்று முறுக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதன் திருகு கழுத்தின் அடிப்பாகத்தில், உடலுக்குள் ஒளிந்திருக்கும் என்பதால், கம்பிகளை இறக்கிக் கழுத்தைத் தளர்த்தித்தான் அதை எட்ட முடியும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பிய பின் ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். திருகு அசைய மறுத்தால் பலத்தைக் காட்டாமல் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

மின்சாரம்

ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் டியூப் லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் ஆம்ப்பில் இரைச்சலாகக் கேட்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள் ஒயரிங் சரி. தொட்டதும் கூடினால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். வால்வு ஆம்ப்பின் பெட்டியை, ஒயரைப் பிடுங்கிய பிறகும், பழகாதவர் திறக்கக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

திருவிழா மேடைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. கிட்டார் ஆம்ப் ஒரு லைனிலும் மைக் வேறொரு லைனிலும் இருந்து, ஏதோ ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும் பாடகருக்கு ஷாக் அடிக்கும். ஆகவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் பிரிட்ஜிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வாசிக்கலாம். பத்து, இருபது வோல்ட் காட்டினால், நிகழ்ச்சி தாமதமானாலும் பரவாயில்லை, மைக்செட்காரரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிட்டுச் செருகும் பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

இவை முடிந்ததும் நோட்டை எடுத்து, அன்று என்ன மாற்றினீர்கள், யார் மாற்றினார், பழைய உறுப்பு எங்கே இருக்கிறது என்று தேதியோடு எழுதுங்கள். கழற்றிய கீ, நட், ஸ்விட்ச், சுருங்கிய பிக்கார்டு எல்லாவற்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் தேதி குறித்து, கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். செல்லுலாய்டு அதற்குள் வியர்க்கும்.